மெக்சிகன் ரெஸ்டாரன்ட்டில் சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது?

கேள்வி இதுதான். மகளுக்கு ரொம்பப் பிடித்த மெக்சிகன் ரெஸ்டாரன்ட் ஒன்று அண்ணா நகரில் இருக்கிறது. அசைவமும் செய்யும் இடம். கேட்பவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மாமியாரும் கூட வருவார். அவருக்குப் பல் சரியில்லை, ஆனால் காரம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் பன்னீர் பர்ரிட்டோவும் நாச்சோஸும் வாங்கி அலுத்துவிட்டது. வேறு என்ன கேட்கலாம், எதில் தெரியாமல் அசைவம் கலந்திருக்கும்? விடுமுறையில் டல்லாஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம், அங்கேயும் இதே தலைவலி வரும் என்கிறார்.

இந்த ஊர் ரெஸ்டாரன்ட்களுக்கு மெனு போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான், வீட்டில் சைவம். அதனால் கிச்சனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பன்னீரை விட்டுவிடுங்கள். சைவம் என்றாலே பன்னீர் என்று நம் ஊர் மெனு கார்டுகள் முடிவு செய்துவிட்டன. சிக்கன் இருந்த இடத்தில் பன்னீரைப் போட்டு, தந்தூரி மசாலா தடவி, மைதா ரொட்டியில் சுருட்டினால் அது காத்தி ரோல்தான்; விலை மட்டும் மெக்சிகன். அந்த நாட்டில் கறி போடாத சமையல் என்றால் பீன்ஸ், மக்காச்சோளம், பரங்கிக்காய், காளான், மிளகாய். சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒரே வயலில் சேர்த்துப் போடுவது அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பரங்கி இலை தரையை மூடிக்கொண்டு களையையும் தடுக்கும், ஈரத்தையும் காக்கும். பன்றி, மாடு, ஆடு எல்லாம் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுபோனவை. 1521-ல் அஸ்டெக் தலைநகரம் விழுவதற்கு முன்னால் அந்தச் சமையலில் பன்றிக்கொழுப்பும் கிடையாது, சீஸும் கிடையாது. அதற்காக அவர்கள் சைவர்கள் என்று சொல்ல வரவில்லை. வான்கோழி, மீன், பூச்சி எல்லாம் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் கறியை எடுத்துவிட்டாலும் அந்தச் சாப்பாடு முழுசாகவே நிற்கும், பன்னீரை வைத்து ஓட்டை அடைக்க வேண்டியதில்லை.

தெவசத்துக்கு ஆகாது என்று நம் வீடுகளில் ஒதுக்கும் பட்டியலை நினைத்துப் பாருங்கள்: பச்சை மிளகாய், வற்றல் மிளகாய், தக்காளி, பீன்ஸ். அத்தனையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. தெவசத்தில் விலக்கியதையெல்லாம் ஒரே தட்டில் சேர்த்தால் மெக்சிகன் சாப்பாடு தயார் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம்.

சரி, எதில் அசைவம் இருக்கும்? கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டு ஒரு பிரச்சினையே இல்லை. தெரியாமல் போவது கொழுப்பு, ஸ்டாக் (கறி, எலும்பு வேகவைத்த தண்ணீர்), எண்ணெய், தவா. இந்த நான்கில் முதலாவது சென்னையில் அநேகமாகக் கிடையாது. மெக்சிகோவில் பீன்ஸைக் குழைய வேகவைத்து மசித்து வதக்குவது பன்றிக்கொழுப்பில்தான் வழக்கம். இங்கே ராஜ்மாவை ராத்திரி ஊறவைத்து, குக்கரில் வேகவிட்டு, ரீஃபைண்டு எண்ணெயில் வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு மசிக்கிறார்கள். பன்றிக்கொழுப்பு வாங்கிவைக்கும் மெக்சிகன் கிச்சனை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. டின் பீன்ஸ் பயன்படுத்தும் இடமாக இருந்தால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். இறக்குமதி டின்களில் சிலவற்றில் கொழுப்பு உண்டு, லேபிளைப் படித்தால் தெரிந்துவிடும்.

இங்கே உண்மையான ஆபத்து சாதம். தக்காளி போட்டுச் சிவப்பாக வரும் மெக்சிகன் ரைஸை அங்கே கோழி ஸ்டாக்கில்தான் வேகவைப்பார்கள். நம் ஊரில் முழு ஸ்டாக் காய்ச்சுவது குறைவு. அதற்குப் பதில் மாஸ்டர் கை நீட்டி ஒரு ஸ்பூன் சிக்கன் பவுடரை எடுத்துப் போடுவார். சைனீஸ் கிச்சனில் வேலை பார்த்துவிட்டு வந்த மாஸ்டராக இருந்தால் இது கைப்பழக்கம். உப்பு போடுவது மாதிரியே போய்விடும், போட்டோம் என்ற நினைவுகூட இருக்காது. டார்ட்டியா (சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி) போட்ட சூப்பிலும் இதே கதைதான். அதிலாவது சிக்கன் சூப், வெஜ் சூப் என்று இரண்டு இருப்பதால் யோசிப்பார்கள். சாதம் ஒரே ஒரு பாத்திரத்தில் இருக்கும், எல்லாத் தட்டுக்கும் அதுவே போகும்.

அதனால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “இது வெஜ்ஜா?” என்று கேட்டால் கேப்டன் “வெஜ்தான் மேடம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கறித்துண்டு இல்லை என்கிறார். “ரைஸ்ல சிக்கன் பவுடர், சிக்கன் க்யூப் ஏதாவது சேர்ப்பீங்களா? மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க தம்பி” என்று கேளுங்கள். அவர் உள்ளே போய் வந்தால் பதில் நம்பக்கூடியது. நின்ற இடத்திலேயே தலையாட்டினால் சாதத்தை விட்டுவிடுங்கள். இன்னும் நல்லது, சாயங்காலம் நாலு மணி வாக்கில் போன் செய்வது. அப்போதுதான் மதிய கூட்டம் முடிந்து மாஸ்டரே போனுக்கு வருவார். ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு மேஜையில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது.

அடுத்தது எண்ணெய். நாச்சோஸ் சிப்ஸ், டாக்கோ ஷெல், சுரோஸ், ஃப்ரைஸ் எல்லாம் ஃப்ரையரில் பொரிப்பவை. சின்ன கிச்சனில் ஃப்ரையர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், சிக்கன் விங்ஸும் அதில்தான் இறங்கும். மெனுவில் இருக்கும் பச்சைப் புள்ளி என்னென்ன பொருள் போட்டார்கள் என்பதைத்தான் சொல்லும், எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று சொல்லாது. நாச்சோஸ் சிப்ஸைப் பல இடங்களில் பாக்கெட்டாக வாங்கிவிடுகிறார்கள், அப்படியானால் கவலை இல்லை. தவாவும் அப்படித்தான். டார்ட்டியாவைச் சூடுபண்ணும் தட்டையான இரும்புத் தவாவில், அரை அடி தள்ளிச் சிக்கன் வதங்கிக்கொண்டிருக்கும். ஆர்டர் குவியும் நேரத்தில் மாஸ்டர் கரண்டியால் ஒரு தடவை வழித்துவிட்டு உங்கள் கேசடியாவை, அதாவது சீஸ் வைத்து மடித்த டார்ட்டியாவை, அதே இடத்தில் போடுவார். உங்களுக்கு இது ஒத்துவருமா இல்லையா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. அசைவ ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடச் சம்மதித்த பிறகு சிலர் இதை விட்டுவிடுகிறார்கள், சிலருக்கு மனசு கேட்காது. மனசு கேட்காதவர்கள் “தனி பேன்ல பண்ணித் தாங்க” என்று ஆர்டரோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேசடியாவுக்கு அது சுலபம், யாரும் மறுப்பதில்லை. பொரிப்பதற்குத் தனி எண்ணெய் கேட்டால் நடக்காது.

முட்டை ஒளிந்திருப்பது மயோனைஸில். சிப்போட்லே (புகைபோட்ட மிளகாய்) மயோ, சுட்ட சோளத்தின் மேல் தடவும் வெள்ளை சாஸ், சில இடங்களில் டாக்கோ சாஸ்கூட மயோனைஸ்தான். இதில் தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி ஏற்பட்டது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அரசு தடை போட்டது. ஷவர்மா கடைகளை மனதில் வைத்து, கிருமித் தொற்று பயத்தால் வந்த தடை, சைவத்துக்காக அல்ல. ஆனாலும் பல கிச்சன்கள் முட்டையில்லாத மயோவுக்கு மாறின. அதற்கு முன்பே பெரும்பாலான மெக்சிகன் இடங்களில் எக்லெஸ் டப்பாதான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நொடி வேலை. சீசர் சாலட் இருந்தால் தொடாதீர்கள். அது மெக்சிகோவின் டிஹுவானா நகரத்துச் சரக்குதான், ஆனால் டிரெஸ்ஸிங்கில் முட்டையும் வொர்ஸ்டர்ஷயர் சாஸும் சேரும். வொர்ஸ்டர்ஷயரில் நெத்திலி வகை மீன் இருக்கிறது.

சீஸைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுப் பாலைத் திரிப்பது பழைய முறை. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு வரும் பாக்கெட் சீஸில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்தான். சென்னை ரெஸ்டாரன்ட்களில் புரளுவது அந்த மொஸரெல்லாவும் செடாரும்தான், எனவே இங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நான் உங்கள் மேஜையில் இருந்தால் முதலில் குவாக்கமோலே சொல்வேன், அதுவும் தனியாக ஒரு கிண்ணம். நம் ஜூஸ் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று பால், சர்க்கரை போட்டு அடித்துக் கொடுக்கிறார்களே, அதே அவகாடோ. நம் கொடைக்கானல் கீழ்மலைப் பழம் பெரிதாக இருக்கும், ஆனால் நீர்ச்சத்து அதிகம். மசித்து வைத்தால் சீக்கிரம் தளர்ந்துபோகும். கறுத்துப்போன சொரசொரத் தோலோடு வரும் இறக்குமதி ஹாஸ் ரகத்தில் எண்ணெய்ச்சத்து கூடுதல், அதில்தான் குவாக்கமோலே கெட்டியாக நிற்கும். நல்ல கிச்சன் என்றால் ஆர்டர் வந்த பிறகு வெட்டி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு போட்டு ஒன்றிரண்டாக மசிப்பார்கள். வழுவழுவென்று மிக்ஸியில் அரைத்தது போல, இரண்டு மணி நேரமானாலும் நிறம் மாறாமல் வந்தால் அது பாக்கெட், இல்லையென்றால் மயோ கலந்தது. திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

அப்புறம் டார்ட்டியா. மைதா, சோளம் என்று இரண்டு வகை. மைதா டார்ட்டியா வடக்கு மெக்சிகோவின் பழக்கம், பர்ரிட்டோவுக்கு அதுதான் வேண்டும். டாக்கோவுக்கும் என்சிலாடாவுக்கும் சோள டார்ட்டியா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவு அது. ஆமாம், வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு வகை. தோல் கழன்று வரும், மாவு உடையாமல் தட்ட வரும், சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தை மட்டுமே தின்ற ஏழைகளுக்கு இத்தாலியிலும் பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் பெல்லாக்ரா என்ற கொடுமையான சத்துக்குறைவு நோய் வந்தது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவில் தட்டினால் ஓரமெல்லாம் வெடிப்பதும் இந்தச் சுண்ணாம்பு இல்லாததால்தான். சுண்ணாம்பில் ஊறிய சோளத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு, மழை பெய்த மண் வாசனையில் லேசாகச் சுட்ட சோளம் கலந்தது. அது வந்தால் அந்த ரெஸ்டாரன்ட்டை நம்பலாம். வராவிட்டாலும் குற்றமில்லை, சாப்பாடு இறங்கும்.

மாமியாருக்கு என்சிலாடா. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. டார்ட்டியாவை மிளகாய் சாஸில் முக்கி, உள்ளே மசித்த பீன்ஸோ காளானோ வைத்துச் சுருட்டி, மேலே மறுபடி சாஸ் ஊற்றிச் சூடாக்கித் தருவார்கள். ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடலாம், மெல்லவே வேண்டாம். சாஸ் வெஜ்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளியும் வற்றல் மிளகாயும் அரைத்தது என்றால் சரி. காரம் போதவில்லை என்றால் ஊறுகாய் போட்ட ஹலப்பேன்யோ மிளகாய் நாலு துண்டு, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், ஒரு எலுமிச்சை மூடி தனியாகக் கேளுங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. நம் ஊரில் சல்சா என்ற பெயரில் வருவதில் பாதி தக்காளி கெச்சப்பின் தித்திப்போடு இருக்கும். காரம் வேண்டும் என்பவருக்கு அது பிடிக்காது. மாமியார் நாச்சோஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு பீன்ஸ் பர்ரிட்டோ பௌல், இல்லை காளான், குடமிளகாய் ஃபஹிடா. ஃபஹிடா என்றால் சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் காய்கள், பக்கத்தில் டார்ட்டியா, நீங்களே சுருட்டிக்கொள்ளலாம். காய் கருகி ஓரம் பிடித்திருக்க வேண்டும். வதங்கித் தண்ணீர் விட்டிருந்தால் தட்டு சூடாகவில்லை என்று அர்த்தம். பௌலில் சாதம் நம்பிக்கையில்லை என்றால் சாதத்தை எடுத்துவிட்டு பீன்ஸை இரண்டு மடங்கு போடச் சொல்லுங்கள், பிரமாதமாக இருக்கும். கலிஃபோர்னியா பர்ரிட்டோ மாதிரி எதிரிலேயே நின்று சொல்லிச் சொல்லி வாங்கும் கவுன்டர் கடைகளில் ஒரு வசதி, கரண்டி எந்தத் தட்டுக்குள் போய் எதில் வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கையுறை மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள்.

மெனுவில் எஸ்கிதேஸ் என்று இருந்தால் மகளோடு பகிர்ந்துகொள்ளுங்கள். உதிர்த்த சோளம், எலுமிச்சை, மிளகாய்த்தூள், சீஸ், மயோ. மயோவை நிறுத்திவிட்டால் பெசன்ட் நகர் பீச்சில் மிளகாயும் எலுமிச்சையும் தேய்த்துத் தரும் சுட்ட சோளத்தின் ருசிதான், உதிர்த்துக் கிண்ணத்தில் வருகிறது, அவ்வளவே. பீச்சில் இன்னும் மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெங்காயம், பூண்டு விலக்கும் நாள் என்றால் மெக்சிகன் பக்கமே போகாமலிருப்பது நல்லது. வெறும் சீஸ் கேசடியாவும் வெங்காயமில்லாத குவாக்கமோலேயும் கிடைக்கும், சாஸ் எதையும் தொட முடியாது.

இனிப்பில் பிளான் (கேரமல் புட்டிங்), டிரெஸ் லெச்சஸ் (பாலில் ஊறிய கேக்) இரண்டிலும் முட்டை சேர்ப்பதே வழக்கம். சுரோஸ் மாவு மைதா, தண்ணீர், உப்பு என்று செய்வதே பழைய முறை, ஆனால் முட்டை சேர்க்கும் கிச்சன்களும் உண்டு. மறக்காமல் கேளுங்கள். பாலில் அரிசியை வேகவைத்துப் பட்டை போட்ட அர்ரோஸ் கோன் லெச்சே இருந்தால் மாமியாருக்கு அதுவே போதும். குடிக்கப் புளி ஜூஸ் வைத்திருந்தால் வாங்குங்கள். மிளகாய் நமக்கு வந்த மாதிரி புளி இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போய், இன்று மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு புளித் தண்ணீர் விற்கிறார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடவே போடுவார்கள்.

டல்லாஸ் கதை வேறு. சென்னையில் இல்லை என்று சொன்ன பன்றிக்கொழுப்பு அங்கே உண்டு. குடும்பமாக நடத்தும் சின்ன கடைகளில் பீன்ஸ், கையால் செய்த மைதா டார்ட்டியா, தமாலே (மடலில் சுற்றி அவித்த சோளமாவு) மூன்றிலும் அதை எதிர்பாருங்கள். சோள டார்ட்டியா வெறும் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு, அது பத்திரம். கேட்கும்போது பன்றிக்கொழுப்புக்கு அவர்கள் சொல்லும் பெயரிலேயே “மன்டேகா இருக்கிறதா?” என்று கேளுங்கள், அங்குள்ள சமையல்காரர்களுக்கு உடனே புரியும். சார்ரோ பீன்ஸ் என்றால் பேகன், அதாவது உப்புப் போட்ட பன்றிக்கறி போட்டது. டெக்சாஸில் பெரிய பொறி சீஸ் என்சிலாடாதான். பெயரில் சீஸ் மட்டும் இருக்கும், மேலே ஊற்றும் சில்லி கிரேவியில் பல இடங்களில் மாட்டுக்கறி இருக்கும். சில்லே ரெல்லேனோ என்ற சீஸ் அடைத்த மிளகாயை முட்டையை நுரைக்க அடித்து அதில் முக்கிப் பொரிக்கிறார்கள்.

அவசரத்துக்குச் சங்கிலிக் கடைகளே மேல். சிப்போட்லே என்ற கடையில் சாதமும் இரண்டு வகை பீன்ஸும் இப்போது சைவம்; பின்டோ பீன்ஸில் முன்பு பேகன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், 2013-ல் நிறுத்தினார்கள். டாக்கோ பெல் 2015-லேயே அமெரிக்கன் வெஜிடேரியன் அசோசியேஷனிடம் சான்றிதழ் வாங்கியது. அங்கே கறிக்குப் பதில் பீன்ஸ் என்று சொன்னால் பெரும்பாலான ஐட்டங்களை மாற்றித் தருவார்கள்.

அண்ணனை ஒரு நாள் நல்ல மெக்சிகன் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லி நோபாலெஸ் டாக்கோ கேளுங்கள். முள் சீவி நறுக்கி வதக்கிய சப்பாத்திக்கள்ளி மடல்தான் அது, நம் ஊர் வேலியோரம் கிடப்பதன் உறவுச் செடி. மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். சாப்பிடுவதற்காக அல்ல, அந்தக் கள்ளியை உண்ணும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுப்பதற்காக. தொழில் எடுபடவில்லை. ஆனால் அந்தப் பூச்சிச் சாயம் இன்றும் கார்மைன் என்ற பெயரில் அமெரிக்கச் சாப்பாட்டுப் பொருட்களில் ஓடுகிறது. அங்கே 2011 முதல் லேபிளில் பெயர் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், ஆகவே சிவப்பு நிறச் சிரப், தயிர், மிட்டாய் வாங்கும்போது ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். நோபாலெஸ் கொஞ்சம் வழவழவென்று, லேசான புளிப்போடு இருக்கும். வெண்டைக்காய் பிடித்தவர் என்றால் மாமியாருக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள், மேலே சல்சாவைத் தாராளமாக விட்டு.